பிளஸ் டூவில் கணிதம் இல்லை: பி.ஏ. பொருளியலா, வரலாறா, ஆங்கிலமா?

மைத்துளி:
தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் குரூப். கணிதம் பத்தாம் வகுப்போடு சரி. ஆசிரியர் வேலை, டிஎன்பிஎஸ்சி இரண்டும் மனதில் இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிக்கலாம்?

வடகரை:
டிஎன்பிஎஸ்சியை வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். குரூப் 1, குரூப் 2 பதவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். முதலில் கணிதத்தைப் பாருங்கள். கணிதம் படிக்காதவர்களுக்கும் பி.ஏ. பொருளியலில் இடம் கிடைக்கும். ஆனால் சேர்ந்த பிறகு புள்ளியியலும் கணித முறைகளும் தாள்களாக வரும், அரியர் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

பதினோராம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் ‘பொருளியலுக்கான கணித முறைகள்’. அணிகள், வகைக்கெழு எல்லாம் அதில் இருக்கின்றன. மொத்தச் செலவுச் சார்பை வகையிட்டு இறுதிநிலைச் செலவு காணும் கணக்குகளை இரண்டு வாரம் போட்டுப் பார்க்கட்டும். பிடிபட்டால் தைரியமாகச் சேரலாம். விடையை மனப்பாடம் செய்யத்தான் தோன்றுகிறது என்றால் பொருளியல் வேண்டாம். மேற்படிப்புக்கும் இது முக்கியம்: முதுகலைச் சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வின் பொருளியல் தாளில் கணிதத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. டெல்லி பல்கலைக்கழகத்திலோ பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலில் சேரவே கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வில் கணிதம் எழுதியே ஆக வேண்டும்.

கரிசல்மண்:
ஆசிரியர் வேலைதான் குறி என்றால் வரலாறு நேர்வழி. பி.ஏ. 3 ஆண்டு, பி.எட். 2 ஆண்டு, டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி, பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் பட்டதாரி ஆசிரியர் தேர்வு. அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியலுக்கான பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் வரலாறு, புவியியல் படித்தவர்களுக்கே. பொருளியல் படித்தவர் எம்.ஏ., பி.எட். இரண்டையும் முடித்து, மேல்நிலை வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் தேர்வுக்குத்தான் போக வேண்டும். மொத்தம் 7 ஆண்டு.

பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். ‘வரலாறு’ என்பதோடு வேறொரு துறையின் பெயரும் ஒட்டியிருந்தால், அது பி.ஏ. வரலாற்றுக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். அரசாணை இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் தள்ளிவிடுவார்கள்.

மைத்துளி:
நான்கு பாடங்களில் 318, ஆங்கிலத்தில் 91. இடம் கிடைக்குமா?

தாழ்வாரம்:
அரசுக் கல்லூரிகளில் எல்லாப் பாடத்துக்கும் ஒரே தரவரிசை இல்லை. பொருளியல், வரலாற்றுக்கு அந்த நான்கு பாடங்களின் 400 மதிப்பெண். ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கிலப் பாடத்தின் 100 மட்டும். 318 என்பது நூற்றுக்கு எண்பதுகூட இல்லை, ஆங்கிலமோ 91. அதனால் ஆங்கிலத்தில் அவள் பெயர் கணிசமாக முன்னால் வரும். பட்டதாரி ஆசிரியர் பணியிடமும் ஆங்கிலத்துக்கு உண்டு, ஆகவே அந்தப் பாடத்தையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். ஒன்று மட்டும்: பிளஸ் டூ ஆங்கிலத்தில் இலக்கணமும் வினா விடையும் மதிப்பெண் தந்துவிடும். பட்டப்படிப்பில் முழு நாடகத்தையும் நாவலையும் ஆங்கிலத்திலேயே படித்து, திறனாய்வுக் கட்டுரையைச் சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டும். நோட்ஸை நம்பிப் போனால் இரண்டாம் ஆண்டில் மூச்சு முட்டும்.

அரசு உதவி பெறும் கல்லூரிக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால், கிடைப்பது உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரே வளாகம், ஒரே பட்டம், கட்டணம் மட்டும் பல மடங்கு.