எஃப்-1, கோடை இன்டர்ன்ஷிப்: 1040 போடலாமா, 1040-என்ஆர்தானா?

டாலஸ்_புதுசு:
வணக்கம். 2024 ஆகஸ்டில் மதுரையிலிருந்து எம்.எஸ். படிக்க எஃப்-1 மாணவர் விசாவில் டாலஸ் வந்தேன். போன கோடையில் இங்கேயே ஒரு சின்ன கம்பெனியில் சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி) இன்டர்ன்ஷிப். இப்போது சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 வந்திருக்கிறது. 1ஆம் கட்டத்தில் சம்பளம் 9,600 டாலர், 2இல் வருமான வரி 702, 4இல் 595.20, 6இல் 139.20. எனக்கு இதுதான் முதல் வரிக்கணக்கு. வீட்டில் அப்பாவுக்கே எல்லாம் ஆடிட்டர்தான் பார்ப்பார். "183 நாளுக்கு மேல் இருந்தாச்சு, வரிக்கு நீ ரெசிடென்ட். சும்மா ரெசிடென்ட் படிவமான 1040 போடு, காலேஜ் கொடுத்த கட்டண விவரமான 1098-டியைக் காட்டினால் படிப்புச் செலவுக்கும் சலுகை கிடைக்கும்" என்கிறான் ரூம்மேட். அவன் போட்டும்விட்டான். நானும் போடலாமா? 4, 6இல் பிடித்த காசு திரும்ப வருமா?

ஹூஸ்டன்காரி:
போடாதே தம்பி. அந்த 183 நாள் கணக்கு உனக்கு இன்னும் தொடங்கவே இல்லை. எஃப்-1இல் வருபவர்களுக்கு முதல் 5 காலண்டர் ஆண்டுகளின் நாட்கள் அதில் சேராது. ஆகஸ்டில் வந்தாலும் 2024 ஓர் ஆண்டுதான். டிசம்பர் 31 அன்று வந்து இறங்கியிருந்தாலும் அப்படித்தான். எஃப்-1இலேயே தொடர்ந்தால் 2028 வரை நீ நான்-ரெசிடென்ட். நான்-ரெசிடென்ட் படிவமான 1040-என்ஆர், கூடவே இந்த நாட்கள் சேராது என்று காட்டும் 8843.

படிப்புச் சலுகை நான்-ரெசிடென்ட்டுக்குக் கிடையாது. 1098-டியை எடுத்து ஓரமாக வை. நமக்கு வேறொன்று இருக்கிறது. இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர்களுக்கு, வருமானத்தில் நேராகக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் உண்டு. 2025க்கு அது 15,750 டாலர். உன் சம்பளம் அதற்குள் அடங்கிவிடும், வரி பூஜ்யம், 702ம் கைக்கு வரும். டர்போடாக்ஸ் மென்பொருளில் 1040-என்ஆர் கிடையாது. அதைப் போட உதவும் ஸ்பிரின்டாக்ஸுக்கோ கிளேசியருக்கோ கோட் கொடுக்கிறார்களா என்று உங்கள் இன்டர்நேஷனல் ஆபீஸில் கேள்.

4, 6 என்பது சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும். எஃப்-1இல் நான்-ரெசிடென்ட்டாக இருக்கும் உன்னிடம் பிடித்திருக்கவே கூடாது. சின்ன கம்பெனிகளில் சம்பளம் போடுகிறவருக்கு இந்த விதி தெரிவதே அபூர்வம். இந்த 734.40 ரிட்டர்ன் வழியாக வராது. முதலில் கம்பெனியிடம் கேள். போனில் வேண்டாம், மெயிலில். கொடுத்தால் திருத்திய டபிள்யூ-2சி வரும். மறுத்தால் பணத்தைத் திரும்பக் கேட்கும் 843, 8316 படிவங்கள் இரண்டையும் நிரப்பி, டபிள்யூ-2, விசா, ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) நகல்களோடு வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குத் தபாலில் தனியாக அனுப்பு. ரிட்டர்னோடு சேர்த்து வைக்காதே. மாதக்கணக்கில் இழுக்கும், அதற்காக விட்டுவிடாதே. ஒரு மாத வாடகைப் பங்கு அது.

யாழ்_மாணவன்:
அக்கா சொன்னது சரி. இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு அந்த டிடக்‌ஷன் இல்லை. 1040-என்ஆர் படிவத்திலேயே இந்தியா என்று பெயர் போட்டு அச்சடித்திருக்கிறார்கள், பார்க்கும்போது கொஞ்சம் எரிச்சல்தான். வங்கிச் சேமிப்புக் கணக்கில் வந்த வட்டிக்கு நான்-ரெசிடென்ட் வரி கட்டத் தேவையில்லை, அதைச் சேர்த்துவிடாதீர்கள். ஒரு டொலர்கூட உழைக்காத நண்பர்கள் இருந்தால் அவர்களும் 8843ஐ மட்டும் தபாலில் அனுப்ப வேண்டும், ஜூன் 15க்குள். "எனக்குத்தான் வருமானமே இல்லையே" என்று சும்மா இருக்கிறவர்கள்தான் அதிகம்.

டாலஸ்_புதுசு:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி நண்பா. கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டேன். ரூம்மேட் இப்போது முழிக்கிறான். அவனும் 2024இல் வந்தவன்தான், கோடையில் கலிபோர்னியாவில் வேலை பார்த்தான்.

ஹூஸ்டன்காரி:
பயப்பட ஒன்றுமில்லை. திருத்தப் படிவமான 1040-எக்ஸ் போட்டு, சரியான 1040-என்ஆரை அதோடு இணைக்கச் சொல். சலுகை என்று கூடுதலாக வந்த ரீஃபண்டைச் செலவழிக்காமல் வைத்திருக்கட்டும், திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் உனக்கு வேலை மிச்சம். அவனுக்குக் கலிபோர்னியாவின் மாநில வரிப் படிவமான 540என்ஆர் தனியாக இருக்கிறது, அந்த மாநிலம் மத்திய அரசின் வரி ஒப்பந்தங்களை ஏற்பதில்லை. உன்னுடையதை ஏப்ரல் 15க்குள் முடி.