பெரியவீட்டுச் சொந்தங்கள்: வியாழக்கிழமை

காவேரிப்பட்டணம் அத்தை: சின்னவனை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில். ரத்தம் வருகிறது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தை வைத்துக்கொண்டு இப்படி

பாலக்கோடு பெரியப்பா: எந்த நாய்

ஓசூர் சித்தி: ஐயோ முருகா

கவிதா: அத்தை, முதலில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. அப்புறம் கட்டுப் போடாமல் நேராக அரசு மருத்துவமனை.

காவேரிப்பட்டணம் அத்தை: அழுகிறான் கண்ணு

கவிதா: அழட்டும் அத்தை, கழுவுங்கள். ரத்தம் வந்திருப்பதால் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் ஊசியும் வேண்டும், அதை நீங்களே கேளுங்கள். தடுப்பூசி இன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள். ஒன்றையும் விடக்கூடாது. வெறிநோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்னால் ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாம்.

தினேஷ்: நான் வண்டி எடுக்கிறேன். 5 நிமிடம்

சரவணன் மாமா: நான் கிருஷ்ணகிரியில் பந்தல்காரரிடம் இருக்கிறேன். போனை எடு

பாலக்கோடு பெரியப்பா: எந்த நாய் என்று கேட்டேன்

காவேரிப்பட்டணம் அத்தை: கோழிக்கடைக்குப் பின்னால் குட்டி போட்டிருக்கிறதே அண்ணா, கறுப்பி. இவன் குட்டியைத் தூக்கப் போயிருக்கிறான்

பாலக்கோடு பெரியப்பா: பிடித்துச் சாக்கில் கட்டித் தொப்பூர் கணவாயில் விட்டுவிடுங்கள். சுப்ரீம் கோர்ட்டே தெருநாய் எல்லாவற்றையும் பிடிக்கச் சொல்லிவிட்டது. வீடியோ அனுப்பினேனே, யாரும் பார்ப்பதில்லை

கவிதா: பெரியப்பா, அந்த வீடியோவில் பாதிதான் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். வெறி பிடித்ததும் மூர்க்கமானதும்தான் விலக்கு. நவம்பர் 7ஆம் தேதி சொன்னது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் மாதிரி இடங்களுக்கு. அங்கே பிடித்தால் திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும். சாக்கில் கட்டி மலையில் விடுவது இரண்டிலும் கிடையாது. 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது வதை, குற்றம்.
கறுப்பியை அனுப்பினாலும் கோழிக்கடைக் கழிவு அங்கேயேதான் கிடக்கும். அதைத் தேடி வேறு நாய் வரும், அதற்கு ஊசி போட்டிருக்காது. ஒரு ஊரில் 100 நாயில் 70க்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொப்பூரில் கொண்டுபோய் விட்டால் எதுவும் நிற்காது. தவிர, கறுப்பி கண்ணெதிரில் இருந்தால்தான் 10 நாள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முடியும். அத்தை, அதன் காதில் சின்ன வெட்டு இருக்கிறதா? கருத்தடை செய்த நாய்க்கு அந்த அடையாளம் இருக்கும்.

காவேரிப்பட்டணம் அத்தை: காதெல்லாம் முழுசாக இருக்கிறது. வண்டியில் இருக்கிறோம்

பாலக்கோடு பெரியப்பா: நாய்க்கு வக்கீல் வந்துவிட்டாள்

ஓசூர் சித்தி: மாமா, குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான்

பாலக்கோடு பெரியப்பா: நான் ஒன்றும் சொல்லவில்லை. மத்திகிரியில் கோழிப் படிப்பு படித்துவிட்டுப் பண்ணை வேலைக்குப் போயிருந்தால் இன்றைக்கு வீடு கட்டியிருக்கலாம், அவ்வளவுதான்

கவிதா: அந்தப் படிப்புதான் பெரியப்பா என்னை இந்த விலங்கு நல வேலைக்கு அனுப்பியது. முட்டைக் கோழிக்குக் கூண்டில் கிடைக்கிற இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை. இறக்கையை விரிக்க முடியாமல் கம்பிமேல் நின்றே ஆயுசு போகிறது. அதைப் பார்த்த பிறகு கணக்குப் புத்தகத்தோடு அங்கே உட்கார என்னால் முடியாது.

சரவணன் மாமா: முட்டை என்றதும் ஞாபகம் வந்தது. ஞாயிறு பந்திக்கு முட்டை உண்டா இல்லையா? சமையல்காரர் கேட்கிறார்

மத்தூர் அண்ணி: உண்டு

பாலக்கோடு பெரியப்பா: கறி போதுமா என்று பாருங்கள் மச்சான். தினேஷ் கல்யாணத்தில் பாலக்கோட்டுக்காரர்களுக்கு வெறும் குழம்புதான் வந்தது

சரவணன் மாமா: இன்னும் அதை விடவில்லையா

தினேஷ்: டோக்கன் வாங்கிவிட்டோம். கூட்டம்

கவிதா: சீரம் ஊசி கேட்டாயா தினேஷ்?

தினேஷ்: கேட்டேன். கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜுக்குப் போகச் சொல்கிறார்கள். இங்கே முதல் ஊசி போட்டுவிட்டுக் கிளம்புகிறோம்

சரவணன் மாமா: நான் அங்கே வந்துவிடுகிறேன். கிடா யார் வாங்குவது? நாளை வெள்ளி, குந்தாரப்பள்ளி சந்தை. விட்டால் ஞாயிறு போச்சம்பள்ளிதான், நேரம் இருக்காது

மத்தூர் அண்ணி: எங்கள் வீட்டுக்காரர் போவார். குட்டியானை வண்டி சொல்லியாகிவிட்டது

கவிதா: அண்ணி, கிடா வெட்டு பற்றி நான் இப்போது எதுவும் பேசவில்லை, அது குலதெய்வத்துக்கு நேர்ந்தது. ஆனால் போன வருடம் மாதிரி நாலு காலையும் சேர்த்துக் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டாம். ஆட்டை எப்படி வண்டியில் ஏற்ற வேண்டும் என்று 1978இலேயே விதி போட்டிருக்கிறார்கள். நிற்க இடம் விட்டு, கீழே வைக்கோல் பரப்பி, ஏறி இறங்கப் பலகை வைத்து, கிளம்பும் முன்னால் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள். வெள்ளி வாங்கி ஞாயிறு வரைக்கும் அதற்கும் பசி, தாகம் உண்டு.

மத்தூர் அண்ணி: இடம் விட்டால் இரண்டு நடை ஆகும். வாடகை யார் கொடுப்பது

கவிதா: இரண்டாவது நடை வாடகை நான் தருகிறேன்.

பாலக்கோடு பெரியப்பா: எருது விடுவதையும் நிறுத்தச் சொல்வாய்

தினேஷ்: 2023இல் எருது விட அனுமதி கேட்டு ஓசூர் ரோட்டை மறித்தபோது சரவணன் மாமா நின்ற போட்டோ என்னிடம் இருக்கிறது

சரவணன் மாமா: அழித்துவிடு

கவிதா: அதையும் பேசலாம் பெரியப்பா. அந்த வருடம் மே மாதம் சுப்ரீம் கோர்ட், ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்புச் சொன்னது. வாலை முறுக்குவதையும் சாராயம் ஊற்றுவதையும் அது அனுமதிக்கவில்லை. உங்கள் காளைக்கு நீங்கள் அதைச் செய்ததில்லை. அதை நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பாலக்கோடு பெரியப்பா: அது என் பிள்ளை மாதிரி

காவேரிப்பட்டணம் அத்தை: முதல் ஊசி போட்டாச்சு. தூங்குகிறான். கறுப்பிக் குட்டி வேண்டுமாம், தூக்கத்திலும் அதுவே

கவிதா: குட்டிகளுக்கு ஊசி போட சனிக்கிழமை டாக்டரோடு வருகிறேன் அத்தை. பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிப்படி உள்ளாட்சியின் பொறுப்பு. கோழிக்கடைக் கழிவையும் சேர்த்திருக்கிறேன். தெருவில் 10 பேர் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

மத்தூர் அண்ணி: காதுகுத்து தள்ளிப்போகிறதா இல்லையா? அதை யாராவது சொல்லுங்கள்

பாலக்கோடு பெரியப்பா: ஞாயிறு 3ஆம் நாள் ஊசி வருகிறதே

தினேஷ்: காலையில் ஊசி, அப்புறம் காது. டாக்டரிடம் கேட்கிறேன்

சரவணன் மாமா: பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு

பாலக்கோடு பெரியப்பா: கவிதா, மனுவை எனக்கு அனுப்பு. கையெழுத்து போடுகிறேன் என்று சொல்லவில்லை, படித்துப் பார்க்கிறேன்

மத்தூர் அண்ணி: வண்டி ஒரு நடையா இரண்டு நடையா? டிரைவர் லைனில் இருக்கிறார்