புதுப்பிப்பு: வேறொரு பைக்குக்கான ஹெல்மெட் அபராதம் என் எண்ணில் வந்தது, ரத்தாகிவிட்டது

வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி. விஷயம் இதுதான்: ஹெல்மெட் போடவில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் 1,000 ரூபாய் இ-சலான் (இணையவழி அபராதச் சீட்டு) என் வண்டி எண்ணுக்கு வந்தது. என்னுடையது ஸ்கூட்டர், சலானில் இருந்த படத்தில் பைக்.

பலித்தது, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்ன யோசனை. அந்த பைக்கின் எண் பலகையில் 8-இன் இடப்பக்கத்தை மண் மறைத்து 3 ஆக்கியிருந்தது. அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தின் புகார் பகுதியில் சலான் எண்ணோடு அந்தப் படம், ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) நகல், என் வண்டியை எண் தெரிய முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் ஏற்றினேன். வண்டியின் மாடலும் நிறமும் ஆர்.சி.யிலேயே இருக்கின்றன, அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

"முதலில் கட்டிவிடு, பிறகு பேசலாம்" என்பதை மட்டும் செய்யாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், பணம் திரும்புவது பெரும்பாடு.

எதிர்பாராதது: ரத்து என்று குறுஞ்செய்தி வந்த பிறகும் தளத்தில் நிலுவை என்றே சில நாள் காட்டியது. தளத்திலும் நிலுவை நீங்கும்வரை குறுஞ்செய்தியையும் புகார் எண்ணையும் அழிக்காதீர்கள். பெயர் மாற்றம் போன்ற ஆர்.டி.ஓ. வேலைகள் சலான் நிலுவையால் தடைபடும். புகாருக்குப் பதில் வருமுன் சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (சலான் வழக்குகளை இணையத்திலேயே கையாளும் நீதிமன்றம்) போய்விட்டால், அங்கே அபராதம் கட்டும் பொத்தானை விட்டு, வழக்காட விரும்புவதாகத் தேர்ந்தெடுங்கள்.