கிற்றாரில் நிக்கல் மங்குது: உங்கட அனுபவம் என்ன?

வன்னிக்கம்பி (கிளிநொச்சி):
கிற்றார் திருத்தக் கொண்டு வாற ஆக்களிட்ட நான் முதல் கேக்கிறது, "இதை என்னத்தாலை மினுக்கினனீங்கள்?" எண்டுதான். ஒண்டில் பழப்புளி, இல்லாட்டி பிராசோ எண்ட பித்தளை மினுக்கி. வீட்டில குத்துவிளக்கு மினுக்கிப் பழகின கை சும்மா இருக்குமே?

விளக்கு முழுக்கப் பித்தளை. எவ்வளவு தேய்ச்சாலும் அடியிலையும் பித்தளைதான் வரும். கிற்றாரில பிரிட்ஜ் (தந்தியைத் தாங்கிற துண்டு), பிக்கப் (தந்தியின்ர அதிர்வைப் பிடிக்கிற காந்தத் துண்டு) மூடி, டியூனிங் கீ (தந்தியை முறுக்கிற திருகு) எல்லாம் அப்பிடியில்லை. உள்ளுக்குப் பித்தளை, இரும்பு, மலிவான சாமான் எண்டால் துத்தநாக வார்ப்பு. அதுக்கு மேலை மின்சாரத்தாலை ஏத்தின நிக்கல், தலைமயிரின்ர தடிப்புக்கூட இல்லை. புளியில இருக்கிற அமிலம் அந்தப் பூச்சில இருக்கிற நுண்ணிய துளைகளுக்குள்ளாலை இறங்கி அடி உலோகத்தை அரிக்கும். பிராசோவில அமோனியாவும் உரைக்கிற தூளும் இருக்கு. தேய்க்கத் தேய்க்க மினுங்கும், பூச்சும் கூடவே கழண்டு துணியில வரும்.

மாரிக்கு முதல் ஒரு தம்பி கொண்டு வந்த கிற்றாரில பிரிட்ஜின்ர மூலையெல்லாம் மஞ்சள். "நல்லா வெளிச்சுப் போச்சு அண்ணை" எண்டு சந்தோசமாச் சொன்னார். வெளிச்சது பித்தளை. அதுக்கு இனிச் செய்ய ஒண்டுமில்லை. அந்தத் துண்டை மாத்தலாம், இல்லாட்டி அப்பிடியே வாசிக்கலாம்.

அதாலை, துணியை எடுக்க முதல் நல்லா உத்துப் பாருங்கோ. மூச்சு விட்ட கண்ணாடி மாதிரிப் புகார் படிஞ்சிருந்தால் அது மேல் மங்கல், எடுக்கலாம். பச்சைக் களிம்பு புள்ளி புள்ளியா வந்தால் அடியில இருக்கிற பித்தளை அரிபடுது. கொப்புளமும் செதிலும் எண்டால் தேய்க்கவே வேண்டாம், நிக்கல் உரிஞ்சுகொண்டு வரும். சிவப்புக் கறள் இரும்பில இருந்துதான் வரும், அநேகமா சேடில் (பிரிட்ஜில தந்தி உக்காருற துண்டு) ஸ்க்ரூவில பாப்பியள்.

கடற்கரைப் பாடகர் (முல்லைத்தீவு):
எங்கட கோயில் பாடகர் குழாமில ரெண்டு கிற்றார். ரெண்டும் ஒரே சுவரில, கடல் பக்க யன்னலுக்குக் கிட்டத் தொங்கினது. ஒண்டு இண்டைக்கும் பளபளப்பு, மற்றது சாம்பல் பூத்துப்போச்சு. சாம்பல் பூத்தது விலை கூடினது! கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் எண்டே நினைச்சிருந்தம்.

வன்னிக்கம்பி:
ஏமாத்தேல்லை. பளபளக்கிறது குரோம், மற்றது நிக்கல். வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, குரோம் கொஞ்சம் நீலமடிக்கும், நிக்கல் மெல்லிய மஞ்சள் சாயல். குரோமுக்கு அடியிலையும் நிக்கல்தான் இருக்கிறது, மேலை குரோமியம் மெல்லிசாப் போர்த்திக் காப்பாத்துது. கிற்றார் செய்யிற கிப்சன் கொம்பனி 1960களின் நடுவில நிக்கலை விட்டு குரோமுக்கு மாறினது. பிறகு பழைய சாயல் வேணுமெண்டு ஆக்கள் கேக்க, நிக்கல் திரும்ப வந்தது. விலை கூடின கிற்றாரில நிக்கல் இருக்கிறது அதாலைதான்.

யன்னலடியை விட்டு முதல் எடுங்கோ. காத்தில வாற உப்பு ஈரத்தை இழுத்து வைச்சிருக்கும், வாடைக்காத்து நேரம் சொல்லத் தேவையில்லை. துடைக்கேக்கை காய்ஞ்ச துணியாலை தொடங்காதேங்கோ. உப்பும் மணலும் சேந்து கீறும். ஈரத்துணியாலை ஒத்தி எடுத்துப்போட்டுப் பிறகு காய்ஞ்சது. கிணத்துத் தண்ணி வேண்டாம், எங்கட பக்கத்துத் தண்ணி காய்ஞ்சால் வெள்ளைப் புள்ளி விடும். வாகனக் கடையில பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணிப் போத்தல் வாங்குங்கோ. தண்ணி எண்டு சொல்லி வாங்குங்கோ, பக்கத்திலை அசிட் போத்தலும் இருக்கும்.

புதுக்குடியிருப்புத் தங்கச்சி:
நானும் அக்காவும் ஒரே கிற்றார்தான் வாசிக்கிறம். அக்கா வாசிச்ச கிழமை பிரிட்ஜில கை வைக்கிற இடம் கறுக்கும், நான் வாசிச்சால் அவ்வளவு இல்லை. அவவின்ர வேர்வை அப்பிடி. எங்கயோ வாசிச்சன், வேர்வையின்ர உப்பும் புளிப்பும் ஆளுக்கு ஆள் வித்தியாசமாம். இப்ப பெட்டிக்குள்ள ஒரு பருத்தி லேஞ்சி கிடக்கு. வாசிச்சு முடிய அவதான் துடைக்கவேணும், அது சட்டம். நிக்கல் பட்டால் அவவுக்குக் கையில கடியும் வாறது, அது வேறை கதை.

ஏ9 ஓரம் (வவுனியா):
மங்கலை நான் எடுக்கிற விதம் இது. தந்தி எல்லாம் கழட்டுவேன். பிரிட்ஜின் உயரத்தைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டுத்தான் அதைத் தூக்குவேன், திரும்பப் பூட்டும்போது அந்தப் படம் தேவைப்படும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பல் பிரஷ், அவ்வளவுதான். மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவைப்பேன், ஸ்க்ரூ ஓட்டைக்குள் தண்ணீர் நின்றால் அங்கேதான் கறள் தொடங்கும். பெரும்பாலான மங்கல் இதிலேயே போய்விடும். பிறகு காருக்குப் பூசும் மெழுகு, துணியில் தொட்டுத் தொடாமல், ஒரு பூச்சு. தந்தி உட்காரும் பள்ளத்தில் மெழுகு தங்கக் கூடாது.

பிக்கப்பைக் கழற்ற மாட்டேன், அதைத் தண்ணீரில் நனைக்கவும் கூடாது. ஈரம் பிழிந்த துணி போதும். இரும்புக் கம்பளி வைத்துத் தேய்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதன் தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பிக்கு) அதைத்தான் பாவிப்பேன் என்று நிற்பவர்கள் பிக்கப்பை டேப் ஒட்டி மூடிவிட்டாவது செய்யுங்கள். இறுகிய ஸ்க்ரூவுக்கு டபிள்யூடி-40 என்ற கறள் இளக்கும் எண்ணெயைக் காது குடையும் பஞ்சில் நனைத்து வையுங்கள். நேரே விசிறினால் மரத்துக்குள் இறங்கும்.

மன்னார் வாசகன்:
எனக்கு இதெல்லாம் வீண்வேலை. மங்கின நிக்கல்தான் வடிவு. வெளிநாட்டில் புதுச் சாமானை வேணுமெண்டே மங்க வைச்சுக் கூடின காசுக்கு விக்கிறாங்கள், இஞ்ச கடல் சும்மா செய்து தருது! மங்கலாலை சத்தத்தில ஒரு மாற்றமும் வராது. சேடில் ஸ்க்ரூ இறுகாமல் இருக்கவேணும், டியூனிங் கீ சுகமாச் சுத்தவேணும். தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு ஸ்க்ரூவுக்கு விட்டால் காணும். தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ, சிக்கு மணம் வரும், புழுதியும் பிசினா ஒட்டும்.

வன்னிக்கம்பி:
மன்னார் அண்ணை சொல்லுறதில பிழையில்லை. மங்கல் பூச்சைத் தின்னாது, மினுக்கல்தான் தின்னும். ஆனால் பச்சைக் களிம்பை வடிவெண்டு விடாதேங்கோ.

மல்லாவி மாணவன்:
எங்கட கிற்றாரை ஜெனரேற்றர் அறையில, மூடின பெட்டிக்குள்ளதான் வைக்கிறது. ஒருத்தரும் வாசிக்கிறதே இல்லை, ஆனாலும் மங்குது. பெட்டிக்குள்ள அரிசி கட்டி வைச்சிருக்கு.

வன்னிக்கம்பி:
டீசல் புகையில கந்தகம் இருக்கு. கந்தகப் புகையும் ஈரமும் சேந்தால் நிக்கல் வாசிக்காமலே புகார் பிடிக்கும். அறையை மாத்துங்கோ. பெட்டிக்குள்ள ஸ்பொஞ்ச் உதிருதோ எண்டும் பாருங்கோ, உதிருற ஸ்பொஞ்ச் ஈரத்தைப் பிடிச்சு உலோகத்தில ஒட்டும். அரிசியை எடுத்துப்போட்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கோ, சப்பாத்துப் பெட்டியோட வாறதே காணும். மாரியில ஈரம் ஊறிப்போகும், மெல்லிய சூட்டில காயவைச்சுத் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் நீல உருண்டை எண்டால் கோபால்ட் குளோரைட் எண்ட நஞ்சுச் சாமான் சேத்திருப்பாங்கள். அதைச் சமைக்கிற சட்டியில வறுக்காமல் ஒரு பழைய தகரத்தைத் தேடுங்கோ.