கொச்சினிட்டா பிபில்: கறி பிரியலை, நிறம் ஏறலை, கசக்குது

கேள்வி
கொச்சினிட்டா பிபில்னா மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் மசாலாவில் ஊறவைத்து வாழை இலையில் சுற்றி வேகவைக்கும் பன்றிக்கறி. அந்த முறைப்படி செய்தது. பன்றித் தோள்கறி 2 கிலோ, அச்சியோட்டே (சிவப்பு நிறம் தரும் விதை) 6 மேசைக்கரண்டி, ஆரஞ்சுச் சாறு 1 கப். வாழை இலையில் சுற்றி ஓவனில் 200 டிகிரியில் 2 மணி நேரம். கறி நாராகப் பிரியவில்லை, சிவப்பு மேலோடு நின்றுவிட்டது. நறநறப்பு, கசப்பு வேறு. எதை மாற்றணும்?

பதில் 1
முதலில் விதையைச் சரி பண்ணுங்க. 2 கிலோவுக்கு 3 மேசைக்கரண்டி போதும், கூடினால் கசக்கும். விதை கல்லு மாதிரி கெட்டி. கொதிநீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, அந்தத் தண்ணீரோடவே அரைத்து வடிகட்டினால் நறநறப்பு இருக்காது. கூடவே மிளகு 1 தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் (மிளகு மாதிரி உருண்டை மசாலா) 6, கிராம்பு 3, சீரகம் அரை தேக்கரண்டி, மெக்சிகன் ஒரேகானோ (காய்ந்த மூலிகை இலை) 1 தேக்கரண்டி, சுட்ட பூண்டு 8 பல், உப்பு 30 கிராம். பூண்டுத் தோல் கருகலாம், உள்ளே கருகினால் அதுவும் கசப்புதான்.

நிறம் தருவது விதை மேல்பூச்சில் இருக்கும் பிக்ஸின். அது கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். நீங்க கொழுப்பே சேர்க்கலை. உருக்கிய பன்றிக்கொழுப்பு 75 கிராம் கலந்து பிசறுங்க. கறியைப் பெரிய துண்டாகப் போடணும், கொழுப்பைச் சீவி எறியவே கூடாது.

அடுத்து சூடு. தோள்கறியில் இருக்கும் சவ்வு இளக நேரம் வேணும். 160 டிகிரி, மூன்றரை முதல் 4 மணி நேரம். துண்டின் நடுவில் 93 டிகிரி வந்தால் முள்கரண்டி பட்டதுமே பிரியும்.

பதில் 2
சாறையும் கவனிங்க. யுகாத்தானில் ஊற்றுவது புளிப்பு நாரத்தைச் சாறு, இனிப்பு ஆரஞ்சு இல்லை. கிடைக்காவிட்டால் ஆரஞ்சு 2 பங்கு, எலுமிச்சை 1 பங்கு. 2 கிலோவுக்கு 250 மில்லி தாண்ட வேண்டாம். 8 முதல் 12 மணி நேரம் ஊறினால் போதும். அதுக்கு மேலே போனால் புளிப்பு ஏறி கறியின் மேல்பக்கம் மாவாகிடும்.

இலையை நேரடித் தீயில் வாட்டுங்க. மந்தமான பச்சை பளபளன்னு மாறுகிற நொடியில் எடுத்துடணும். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும், ஆவி வெளியேறும், கறி வறண்டுடும். பாத்திரத்தில் இரண்டு அடுக்கு விரித்து, மேலே மடித்து, மூடிக்குக் கீழே ஃபாயில் இறுக்குங்க.

கேள்வி கேட்டவர்
பன்றி சாப்பிடாதவங்களுக்குக் கோழியில் வருமா? அடியில் சாறு தேங்கினால்?

பதில் 1
வரும், அதுக்குப் பேரு பொயோ பிபில். எலும்போடு தொடைக்கறி, 170 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். மார்புக்கறி வேண்டாம், உலர்ந்துடும். பன்றிக்கொழுப்புக்குப் பதில் எண்ணெய் போதும், அதிலும் நிறம் கரைந்து கறியில் ஏறும். தேங்கின சாறைத் தனியாக வடித்து, பாதியாக வற்றவிட்டு, உதிர்த்த கறியில் கலக்குங்க. கறியோடு சேர்த்து வற்றவிட்டால் கறி கூழாகிடும்.

பதில் 3
ஊறுகாய் வெங்காயம் இல்லாமல் பரிமாறாதீங்க, அந்தக் கொழுப்புக்கு அதுதான் ஈடு. சிவப்பு வெங்காயம் 2, மெல்லிசாக வெட்டி கொதிநீர் ஊற்றி உடனே வடிங்க. அதே புளிப்புச் சாறு, உப்பு, ஒரேகானோ, பொடியாக அரிந்த ஹபனேரோ (மிகக் காரமான மிளகாய்) 1 போட்டு ஒரு மணி நேரம் விடுங்க. தட்டில் மக்காச்சோள டார்ட்டியா (மெல்லிய ரொட்டி) மட்டும் போதும், சீஸ் வேண்டாம். பூமியில் குழி தோண்டிச் சுட்ட கற்களின் மேல் வேகவைக்கிற பீப் முறையில் வரும் புகைமணம் ஓவனில் வராது. ஆனால் இலை மணம் முழுசாக வரும்.