அகமதாபாத் பழைய நகர நடை: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஜனவரி முதல் வாரம் அம்மாவுடன் அகமதாபாத் போகிறேன். காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோவிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடிகிற பாரம்பரிய நடையில் சேர ஆசை. 1997இல் மாநகராட்சி தொடங்கியது அது. 2017இல் அந்தப் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற செய்தியைப் படித்ததிலிருந்தே அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிக்கல் அவருடைய முழங்கால்தான். சமதளத்தில் மெல்ல நடப்பார்; நாலு படி ஏறினால் உட்கார இடம் தேடுவார். ‘போள்’ எனப்படும் குறுகலான குடியிருப்புச் சந்துகளில் திண்ணையாவது கிடைக்குமா? ஸ்கூட்டர்கள் உரசிக்கொண்டு போகுமாமே! மரச்செதுக்கு வீடுகளையும், உயரத் தூணில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் சபுத்ராக்களையும் அவர் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கூட்டத்தோடு ஓடுவதைவிடத் தனி வழிகாட்டியை அமர்த்தி, முடியாத இடத்தில் ஆட்டோ ஏறிவிடுவதே மேல் என்று எனக்குப் படுகிறது. போய்வந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்? அரைநாளுக்கு எவ்வளவு கேட்பார்கள்? ஆங்கிலம் தெரிந்தவர் போதும். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்வேன்.

வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். மசூதிக்கு அருகிலுள்ள மாணெக் சவுக் சந்தையின் சாப்பாட்டுக் கடைகள் இரவில்தான் களைகட்டும் என்பது தெரியும். மசூதிப் பக்கம் காலைப் பலகாரத்துக்கு, நாற்காலி போட்ட கடை ஏதாவது உண்டா?