மாருதி 800 கதவு அடியில் துருக் கொப்புளம், டச்சப் நிற்கவில்லை

திருவான்மியூர்_800
2006 மாடல், வெள்ளை. கடல் பக்கம், கூரை இல்லாமல் நிற்கிற வண்டி. டிரைவர் கதவின் அடி விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் உப்பியிருக்கிறது. பின் சக்கர வளைவில் நாணயம் அளவில் இரண்டு இடம். பானெட்டில் கல் தெறித்த புள்ளிகள். கதவுக்குப் போன வருஷம் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போட்டு டச்சப் செய்தது, ஆறே மாசத்தில் மறுபடி உப்பிவிட்டது. ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, மேலே பெயின்ட் அடித்தால் நிற்குமா? கம்ப்ரஸர் வாடகைக்குக் கிடைக்கும்.

பட்டிபேப்பர்
கதவைப் பொறுத்தவரை வெளியே என்ன அடித்தாலும் நிற்காது சார். துரு உள்ளேயிருந்து வருது. கண்ணாடி ரப்பர் இறுகிப்போனா மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கும். அடி விளிம்புல இருக்கிற வடிகால் ஓட்டை வழியா அது வெளிய போகணும். மண்ணு அடைச்சா, வெளித்தகடு உள்தகட்டு மேல மடிஞ்சிருக்குமே, அந்த மடிப்புல தண்ணி தேங்கிடும். நீங்க பார்க்கிற கொப்புளம் அதோட கடைசிக் கட்டம்.

முதல்ல டிரிம்மை, அதாவது கதவோட உள்பக்க அட்டையைக் கழட்டுங்க. கண்ணாடி சுத்துற கைப்பிடியில ஸ்க்ரூ தெரியாது, பின்னாடி கம்பி கிளிப் இருக்கும். ஒரு துணிக்கீற்றைக் கைப்பிடிக்குப் பின்னால விட்டு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இழுத்தா கிளிப் துள்ளி விழும். எங்க தெறிக்குதுன்னு கண்ணு வச்சுக்கங்க. பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காம உரிச்சு, ஓட்டைகளைக் கம்பியால குத்தி, உள்ளே நல்ல தண்ணியால கழுவுங்க. உப்பு கரைஞ்சு போகணும். உப்பு மேல எந்த பிரைமரும் நிக்காது. காய்ஞ்சதும் கொப்புளத்துல திருப்புளியை அழுத்திப் பாருங்க.

கோவை_எபாக்ஸி
பிரைமர் கேள்விக்கு: கார் பெயின்ட்டுக்கு அடியில் ரெட் ஆக்சைடு வேண்டாம். கேட்டு, கிரில்லுக்கு அது போதும். மேலே பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் விழுந்ததும் அதன் தின்னர் கீழே இறங்கி ரெட் ஆக்சைடைச் சுருக்கிவிடும். ஹார்டனர் தனியாக வந்து கலந்து அடிக்கிற இரண்டு பேக் எபாக்ஸி பிரைமர்தான் சரி.

கன்வெர்ட்டர் பற்றிப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். தேய்க்க எட்டாத குழிக்குள் மிச்சமிருக்கிற துருவைக் கறுப்பாக மாற்றிக் கட்டிவைக்கத்தான் அது. செதில் செதிலாக நிற்கிற துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். பாஸ்பாரிக் அமிலம் உள்ள வகை என்றால் அதைக் கழுவி நீக்காமல் எபாக்ஸி அடிக்காதீர்கள். மிச்ச அமிலம் எபாக்ஸியைச் சரியாக இறுகவிடாது, பிரைமர் பிடியில்லாமல் உரியும்.

திருவான்மியூர்_800
பட்டிபேப்பர் அண்ணா சொன்னபடி பார்த்தேன். வடிகால் ஓட்டை முழுக்கக் களிமண். மடிப்புக்குக் கொஞ்சம் மேலே இரண்டு இடத்தில் திருப்புளி உள்ளே போய்விட்டது. சக்கர வளைவு கெட்டியாக இருக்கிறது. அந்தத் துரு ஓட்டைகளை ஃபைபர் மேட் (கண்ணாடி இழைத் துணி) வைத்து மூடலாமா?

கேஸ்வெல்டு
மூடலாம் தம்பி, அடுத்த மழை வரைக்கும். தகட்டுல பின்பக்கத்துலேர்ந்து ஈரம் ஏறி மேட்டைத் தூக்கிடும். போன வருஷப் பட்டிக்கும் அதான் நடந்திருக்கும், பட்டி ஈரத்தை உறிஞ்சும்.

பளபளன்னு தகடு தெரியற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, 22 கேஜ் சிஆர் ஷீட்டுல (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு) ஒட்டு வைக்கணும். சிஓ2 வெல்டிங்தான் (கம்பி தானா வர்ற மிக் வெல்டிங்). கேஸ் வெல்டிங் வச்சா கதவுத் தகடு சூட்டுல நெளிஞ்சிரும். ஒரேயடியா இழுக்காம, புள்ளி புள்ளியா எதிரெதிர் இடத்துல வச்சு, ஆறவிட்டு வைக்கச் சொல்லுங்க. பேட்டரி ஒயரைக் கழட்டிட்டுத்தான் வெல்டிங். பக்கத்து ரப்பர், கண்ணாடி மேல ஈரச் சாக்கு போடுங்க, பொறி பட்டா கண்ணாடியில குழி விழும்.

பட்டிபேப்பர்
வெல்டிங் முடிஞ்சதும் வரிசை இதான். துருவைச் சுத்தி ரெண்டு இஞ்ச் கூடுதலா 80 நம்பர் பேப்பர்ல வெறும் தகடு வரைக்கும் தேய்ங்க. பழைய பெயின்ட் ஓரத்தை 180, அப்புறம் 320 போட்டுப் படியில்லாம இறக்குங்க. விரல் ஓடினா தட்டக்கூடாது. தின்னர் துணியால துடைச்சு, அன்னைக்கே எபாக்ஸி ரெண்டு கோட். இங்க தேய்ச்ச தகட்டை ராத்திரி விட்டுட்டா காலையில செம்மஞ்சள் பூத்திருக்கும்.

பட்டி எபாக்ஸி மேலதான். 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம். சீக்கிரம் காயட்டும்னு அதிகம் போட்டா வெள்ளைப் பெயின்ட்ல மஞ்சள் கறையா ஊறி மேல வரும். பட்டியைத் தண்ணி தொட்டுத் தேய்க்காதீங்க. அது மேல சர்ஃபேசர் (தேய்ச்சுச் சமன்படுத்துற பிரைமர்), அதுக்கப்புறம்தான் வாட்டர் பேப்பர், 400, 600, 800.

கலர் சுசுகி 26யூ, சுப்பீரியர் ஒயிட். ஆனா இத்தனை வருஷ வெள்ளை கொஞ்சம் பழுத்திருக்கும். பெட்ரோல் மூடியை ரப்பிங் காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டுத் துடைச்சு, கடைக்குக் கொண்டுபோய் அதுக்குச் சேர்த்துக் கலக்கச் சொல்லுங்க. ஒட்டு மட்டும் அடிக்காம, பக்கவாட்டு மடிப்புக்கோடு வரைக்கும் கதவின் கீழ்பாதி முழுக்க அடிங்க, நிற வித்தியாசம் கண்ணுக்குப் படாது. மூணு மெல்லிய கோட், நடுவுல பத்து நிமிஷம்.

கோவை_எபாக்ஸி
இரண்டு எச்சரிக்கை. பியூ ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது, கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ தடுக்காது. பெயின்ட் ஆவிக்கான கார்ட்ரிஜ் மாஸ்க் (வடிகட்டி டப்பா உள்ளது) போட்டுத் திறந்தவெளியில் அடியுங்கள். அடுத்தது, டேஷ்போர்டு பாலிஷை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் வட்டவட்டமாக விலகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், தை மாசம் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவான்மியூர்_800
பானெட் புள்ளிகளுக்கும் இதே வேலையா? கதவுக்குள் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றச் சொல்கிறார்களே?

பட்டிபேப்பர்
பானெட்டுக்கு இவ்வளவு வேண்டாம். பேனாக் கத்தி முனையால துருவைச் சுரண்டி, தீக்குச்சி முனையில எபாக்ஸி ஒரு சொட்டு, மறுநாள் அதே மாதிரி பெயின்ட் ரெண்டு தடவை. ஆயில் ரப்பரை ஊதவச்சு, வெயில்ல வடிஞ்சு போயிடும். அதுக்குப் பதிலா கேவிட்டி வேக்ஸ் ஸ்ப்ரே (உள்பக்கத் துருவைத் தடுக்கிற மெழுகு) வாங்கி, பெயின்ட் காய்ஞ்ச ஒரு வாரம் கழிச்சு, நீளக் குழாய் வழியா மடிப்புக்குள்ள அடிங்க. அடிச்சு முடிச்சதும் வடிகால் ஓட்டையில மறுபடி கம்பியை விட்டு எடுத்துருங்க, வேக்ஸே அடைச்சுக்கும்.